ஆதிக் குழம்பு – 17: தங்கம் குற்றவாளியா?

இரட்டையரில் ஒருவன் வந்து சேர்ந்துவிட்டான். மற்றவனைக் காணவில்லை.

போன வாரம் இந்த வாசலில்தான் கதையை நிறுத்தினோம். ஏழு நாள் பொறுத்திருந்தீர்கள். இனியும் உங்களைக் காக்க வைப்பது நியாயமில்லை. நேராக உள்ளே போய்விடுவோம்.

லாங் ஐலண்ட். ப்ரூக்ஹேவன் ஆய்வகம், 2000-களின் தொடக்கம். மண்மேட்டுக்கு அடியில் 3.8 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடும் நம் பழைய நண்பன், 'ரிக்' வளையம். உள்ளே இரண்டு குழாய்கள். ஒன்றுக்கு நீலம் என்று பெயர், இன்னொன்றுக்கு மஞ்சள். இரண்டிலும் தங்க அணுக்கருக்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. ஒளியின் வேகத்தைத் தொட நூலிழைதான் பாக்கி. அவை மோதும் இடங்களில் நான்கு டிடெக்டர்கள் கண் இமைக்காமல் காத்திருக்கின்றன. ஸ்டார், ஃபீனிக்ஸ், ஃபோபோஸ், பிராம்ஸ்.

தங்கமும் தங்கமும் நேருக்கு நேர் மோதும்போது, புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகிக் கரைந்து, அவற்றுக்குள் அடைந்து கிடந்த குவார்க்குகளும் குளூவான்களும் ஒரே குழம்பாகின்றனவா? இதுதான் கேள்வி. பிரபஞ்சம் பிறந்த முதல் சில மைக்ரோ விநாடிகளில் கொதித்த அதே ஆதிக் குழம்பு.

அதைக் கரண்டியில் எடுத்துப் பார்க்க வழியில்லை. ஒரு விநாடியை லட்சம் கோடி கூறாக்குங்கள். அதில் ஒரு கூறை எடுத்து மறுபடியும் ஆயிரம் கோடிக் கூறாக்குங்கள். அதற்குள் குழம்பு பிறந்து, விரிந்து, ஆறி, துகள்களாகச் சிதறிவிடும். வெளியிலிருந்து எதையும் அனுப்பிச் சோதிக்க நேரமே கிடையாது.

ஆகவே உள்ளேயே பிறக்கும் ஒற்றனைப் பிடித்தார்கள்.

ஒற்றனை உங்களுக்குத் தெரியும். மோதலின் முதல் கணத்தில், இந்தப் பக்கத்துக் குவார்க் ஒன்றும் அந்தப் பக்கத்துக் குவார்க் ஒன்றும் (அல்லது குளூவான்கள்) படு நெருக்கமாக முட்டிக்கொள்கின்றன. முட்டிய வேகத்தில் ஒன்று ஒரு திசையிலும் மற்றது நேர் எதிர்த் திசையிலும் தெறிக்கின்றன. போகும் வழியில் ஒவ்வொன்றும் ஒரு கொத்துத் துகள்களாகப் பிரிகிறது. இயற்பியலாளர்கள் அந்தக் கொத்துக்கு வைத்த பெயர் ஜெட். ஒரு ஜெட் கிழக்கே போனால் அதன் இரட்டை மேற்கே போயாக வேண்டும். உந்த அழியாமை விதி அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஆனால் தங்க மோதலில் ஆயிரக்கணக்கான துகள்கள் வெடித்துச் சிதறும்போது, ஒரு ஜெட்டைக் கண்ணால் பிரித்தெடுப்பது தேர்த் திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தேடுவது மாதிரி. ஸ்டார் குழு அதற்கொரு யுக்தி செய்தது. மோதலில் வந்த துகள்களில் வேகமான ஒன்றைப் பிடி. அவனை மூத்தவன் என்று வை. அதே மோதலில் வந்த மற்ற வேகமான துகள்கள் மூத்தவனிடமிருந்து எத்தனை டிகிரி விலகிப் போயின என்று எண்ணு. லட்சக்கணக்கான மோதல்களில் இதையே செய். எண்ணி முடித்த பிறகு ஒரு கிராஃப் போடு.

கீழே கோணம். பக்கத்தில் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

புரோட்டானும் புரோட்டானும் மோதினால் அந்தக் கிராஃபில் இரண்டு குன்றுகள் எழும். முதல் குன்று பூஜ்ஜியம் டிகிரியில். அது மூத்தவனோடு அதே ஜெட்டில் ஒட்டி வந்த சொந்தங்கள். இரண்டாவது குன்று 180 டிகிரியில். அது எதிர்ப்பக்கம் போன இரட்டை.

தங்கமும் தங்கமும் நேருக்கு நேர் மோதிய கிராஃபில் முதல் குன்று அப்படியே நின்றது.

இரண்டாவது குன்று தரைமட்டம்.

பக்கத்து டிடெக்டரான ஃபீனிக்ஸ் வேறு வழியில் எண்ணி அதே மர்மத்தில் வந்து முட்டியது. தங்க மோதலில் வர வேண்டிய அதிவேகத் துகள்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வந்தது. மீதி எங்கே?

சந்தேகத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர்.

முதல் ஆள், குழம்பு. தேரோடும் வீதியை மனதில் கொண்டுவாருங்கள். வடம் பிடிக்கும் கூட்டம் தோளோடு தோள் நெருக்கி நிற்கிறது. வீதியின் ஓரத்தில் இரண்டு சகோதரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் வெளிப்பக்கம் ஓடுகிறான். இரண்டே எட்டில் சந்துக்குள் புகுந்து தப்பிவிடுவான். மற்றவன் கூட்டத்தை ஊடுருவி எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். இடிபட்டு, தள்ளப்பட்டு, சட்டை கிழிந்து, ஓட்டமெல்லாம் நடையாகி, கடைசியில் அவனும் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான். குவார்க்குக்கும் இதே கதிதான் என்று ஜேம்ஸ் பியோர்கன் 1982-லேயே எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையை அவர் எந்த ஆய்விதழிலும் அச்சிடவில்லை. ஆனாலும் கைக்குக் கை மாறி உலகமெல்லாம் படித்தது. கொலம்பியாவின் மிக்லோஸ் கியுலாஸி, பெர்க்லியின் ஷின்-நியன் வாங் போன்றவர்கள் அந்தக் கணக்கைத் திருத்தி, நீட்டி, வருஷக்கணக்கில் மெருகேற்றினார்கள். குழம்புக்குள் ஓடும் குவார்க் இடிபடுவது மட்டுமில்லை, குளூவான்களை உதறிக்கொண்டே ஓடுகிறது, அதில்தான் பெரும்பாலான சக்தி போகிறது என்றார்கள்.

இந்தக் கட்சி ஜெயித்தால், காணாமல்போன இரட்டையே குழம்பு இருப்பதற்குச் சாட்சி.

இரண்டாவது ஆள்தான் இந்த வாரத் தலைப்பு. தங்கம்.

குறை குழம்பில் இல்லாமல், மோதுவதற்கு முன்பே தங்கத்துக்குள் இருந்தால்? ஒளிவேகத்தை நெருங்கும் அணுக்கருவுக்குள் குளூவான்கள் பெருகுகின்றன. பெருகப் பெருக நெரிசல். ஓர் எல்லைக்கு மேல் இடம் போதாமல் ஒன்றோடொன்று கலந்து ஒரே அடர்ந்த சுவராகிவிடும். இதற்குக் 'கலர் கிளாஸ் கண்டன்சேட்' என்று பெயர். லாரி மெக்லெரனும் ராஜு வேணுகோபாலனும் தொண்ணூறுகளில் போட்ட அடித்தளம். அதன்மேல் டிமிட்ரி கார்ஸீவ், யூஜின் லெவின் ஆகியோர் மெக்லெரனோடு சேர்ந்து கட்டிய கணக்கு என்ன சொன்னது? சுவரும் சுவரும் மோதும்போது அதிவேகத் துகள்கள் பிறப்பதே குறைவு. பிறக்கும் ஒன்றிரண்டுக்கும் எதிரே நிற்க ஒரு தனி இரட்டை வேண்டியதில்லை. துப்பாக்கியின் பின்னுதையைத் தோள் தாங்குவதுபோல, மூத்தவன் கிளம்பிய வேகத்தின் எதிருதையைச் சுவர் முழுக்கப் பகிர்ந்து வாங்கிக்கொள்ளும்.

இப்போது விபரீதம் புரிகிறதா? காணாமல் போனதாக நாம் தேடும் பிள்ளை பிறக்கவே இல்லை என்கிறது இந்தக் கட்சி!

இரண்டு கட்சிக்காரர்களையும் எதிரிகளாக நினைத்துவிடாதீர்கள். மெக்லெரன் குழம்புக் கோட்பாட்டை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். அவர் ப்ரூக்ஹேவனிலேயே வேலை பார்த்தவர். குழம்பு இருக்கக் கூடாது என்று அவருக்கு எந்த ஆசையும் இல்லை. தங்கத்துக்குள் இருக்கும் அந்தச் சுவரும் இயற்கையின் புதியதொரு நிலை, அதையும் முதலில் பார்த்துவிட வேண்டும் என்ற தாகம். அந்தப் பக்கம் இருபது வருஷமாகக் காத்திருக்கும் ஒரு கணிப்பு. இரண்டுமே நேர்மையான ஆசைகள். இரண்டில் ஒன்றுதான் இந்தக் குறைக்குக் காரணமாக இருக்க முடியும்.

டிடெக்டர்காரர்களின் நிலைதான் எனக்கு நெஞ்சை உருக்குகிறது. இந்தச் சுரங்கப்பாதையின் பழைய காயம் உங்களுக்கு நினைவிருக்கும். 'இசபெல்' என்று முன்பு ஒரு இயந்திரத்துக்காகத் தோண்டி, 1983-ல் திட்டம் ரத்தாகி, வெறுமையாகக் கிடந்த பாதை அது. அந்த வெறுமையிலிருந்து எழுந்த வளையம்தான் ரிக். டிடெக்டர்களின் பெயர்களைக் கேளுங்கள். நிராகரிக்கப்பட்ட திட்டங்களின் சாம்பலிலிருந்து எழுந்ததால் ஒன்றுக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். செவ்வாயின் பெயர் தாங்கிய பெரிய திட்டம் நிராகரிக்கப்பட்டதும், சிறியதொரு திட்டம் போட்டுச் செவ்வாயின் நிலவான ஃபோபோஸின் பெயரை வைத்தார்கள் இன்னொரு குழுவினர். தோற்றவர்கள் மறுபடி எழுந்து கட்டிய கருவிகள் இவை. அட்லாண்டிக்குக்கு அப்பால் செர்ன் ஆய்வகம் 2000 பிப்ரவரியிலேயே 'பொருளின் புதிய நிலைக்குச் சான்று கிடைத்துவிட்டது' என்று அறிவித்திருந்தது. இங்கே இருப்பவர்களும் எழுந்து நின்று அறிவித்துவிட்டு, பிறகு 'இல்லை, அது தங்கத்தின் வேலை' என்று தெரிந்தால்?

அந்தத் தலைகுனிவை யாரும் தாங்கமாட்டார்கள்.

ஆக, விசாரணை வேண்டும். ஒரே ஒரு சோதனை. அது இரண்டு கட்சிகளில் ஒன்றைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்ட வேண்டும்.

யோசனை எளிமையானது. சமைத்த குழம்பு கரித்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? உப்பா, புளியா, தண்ணீரா என்று ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்ப்போம். அதையே இங்கேயும் செய்தார்கள். தங்கத்தை வைத்துக்கொள். குழம்பை மட்டும் எடுத்துவிடு.

தங்கத்தை எதிர்த்து இன்னொரு தங்கத்தை விடாமல், மிகச் சின்ன ஒன்றை விட்டால் போதும். தங்கத்தின் உள்ளே சுவர் இருந்தால் அப்போதும் இருக்கும். ஆனால் சின்னப் பொருள் மோதி அத்தனை பெரிய சூடான குழம்பு கிளம்பாது. குன்று அப்போதும் காணாமல் போனால் தங்கம் குற்றவாளி. குன்று திரும்பி வந்தால் குழம்பு.

சின்னப் பொருள் என்றால் புரோட்டானையே விடலாமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அங்கேதான் காந்தங்கள் குறுக்கே வந்தன.

தங்கக் கருவில் 197 பேர். அவர்களில் மின்னேற்றம் உள்ள புரோட்டான்கள் 79. ஆளுக்கு 0.4 மின்னேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிப் புரோட்டானுக்கோ ஆளுக்கு ஒன்று. காந்தம் வளைப்பது மின்னேற்றத்தைப் பொறுத்தது. ஒரே வேகத்தில் வரும்போது புரோட்டான் எளிதில் வளையும், தங்கம் வளைய அடம்பிடிக்கும். வளையத்தின் பெரும்பகுதியில் இரண்டு குழாய்களுக்கும் தனித்தனிக் காந்தங்கள் உண்டு. ஆனால் மோதும் இடத்தின் இருபுறமும் இரண்டு கற்றைகளும் ஒரே காந்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே நுகத்தடியில் காளையையும் கன்றையும் பூட்டின கதை.

அதனால் டியூட்டரானைத் தேர்ந்தார்கள். கனநீரில் இருக்கும் ஹைட்ரஜனின் கரு. ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், இரண்டே பேர். ஆளுக்கு 0.5 மின்னேற்றம். தங்கத்தின் 0.4-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நுகத்தடியில் பூட்டலாம்.

டியூட்டரானில் இன்னொரு வசதியும் ஒளிந்திருந்தது. சில மோதல்களில் அதன் புரோட்டான் மட்டும் தங்கத்தில் முட்டும். நியூட்ரான் எதையும் தொடாமல் நேராகப் போய்விடும். மின்னேற்றம் இல்லாததால் காந்தம் அதை வளைக்காது. கற்றைகள் வளைந்து திரும்பும் இடத்தில் நேர்க்கோட்டில் ஒரு சிறு கருவியை வைத்துக் காத்திருந்தால் அந்த நியூட்ரான் வந்து விழும். விழுந்தால் 'இது புரோட்டானும் தங்கமும் மட்டுமே மோதிய மோதல்' என்று தெரிந்துவிடும். புரோட்டானைச் செலுத்தாமலே புரோட்டான் மோதல்! ஃபீனிக்ஸ் குழு இதைப் பயன்படுத்திக்கொண்டது. இப்படியொரு சாமர்த்தியத்தைப் படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

சோதனைக்கு முன்பே இரண்டு கட்சிகளும் தங்கள் கணிப்பைக் காகிதத்தில் எழுதிவிட்டன. இதுதான் இந்த விஞ்ஞானிகளிடம் நான் மிகவும் மதிக்கும் குணம். முடிவு வந்த பிறகு 'அப்போதே நினைத்தேன்' என்று சொல்வதற்கு இடமே வைக்கவில்லை.

கணிப்புகளுக்கெல்லாம் ஒரே அளவுகோல். தங்கம் வெறும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நிறைந்த மூட்டை என்று வைத்து, எத்தனை அதிவேகத் துகள் வர வேண்டும் என்று கணக்கிடு. உண்மையில் வந்ததை அதனால் வகு. சரியாக வந்தால் விடை ஒன்று. ஒன்றுக்குக் கீழே போனால் ஏதோ விழுங்குகிறது.

சுவர்க் கட்சி சொன்னது: டியூட்டரானும் தங்கமும் நடுவில் மோதும்போது ஒன்றுக்குக் கீழே போகும். ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும்.

குழம்புக் கட்சி சொன்னது: குறையாது. ஒன்றைவிடக் கொஞ்சம் கூடும்! கூடுவது எப்படி? எழுபதுகளில் ஜேம்ஸ் குரோனின் பார்த்த பழைய விந்தை அது. அணுக்கருவுக்குள் நுழையும் குவார்க் போகும் வழியில் சின்னச் சின்ன உதைகள் வாங்கிப் பக்கவாட்டில் கூடுதலாகத் தெறிக்கும்.

ஒன்றுக்கு மேலா, கீழா?

இரண்டு கட்சிகளின் தலைவிதியும் அந்த ஒற்றை எண்ணில் வந்து நின்றது.

2003-ன் தொடக்கத்தில், லாங் ஐலண்டின் குளிர் மாதங்களில், ரிக் வளையத்தில் முதன்முறையாக இரண்டு வெவ்வேறு கருக்கள் எதிரெதிரே ஓடின. ஒரு குழாயில் டியூட்டரான், மற்றதில் தங்கம். வெளியே பனி. உள்ளே காந்தங்கள் அதைவிடக் கொடிய குளிரில், திரவ நிலைக்கு அருகிலுள்ள ஹீலியத்தில், கெல்வின் கணக்கில் நாலரை டிகிரியில் உறைந்து கிடந்தன.

ஸ்டார் டிடெக்டரின் வயிற்றைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம். நான்கு மீட்டர் விட்டத்தில் ஒரு பீப்பாய். உள்ளே ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு. வேறொன்றும் இல்லை. ஒரு துகள் அதற்குள் பாய்ந்தால் வழியெங்கும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகும். ஈரத் தரையில் நடந்தவன் காலடி மாதிரி. அந்தக் காலடிகள் மின்புலத்தில் மிதந்து பீப்பாயின் இரு முனைகளுக்கும் போகின்றன. அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு தகடுகள் காத்திருக்கின்றன. எந்தத் தகட்டில் விழுந்தது என்பது இடத்தைச் சொல்லும். எப்போது விழுந்தது என்பது ஆழத்தைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் துகள் போன பாதை முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். காந்தப்புலத்தில் பாதை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்தால் வேகமும் கிடைத்துவிடும். குறைவாக வளைந்தவன்தான் வேகமானவன்.

அவனைத்தான் மூத்தவன் என்று பிடிக்க வேண்டும்.

தங்க மோதலில் இந்தப் பீப்பாய் கோடுகளால் நிரம்பித் திணறும். டியூட்டரான் மோதலில் அப்படியில்லை, கோடுகள் எண்ணக்கூடிய அளவில் இருந்தன. வசந்தம் வருவதற்குள் போதுமான மோதல்கள் சேர்ந்துவிட்டன. பிறகு நான்கு குழுக்களும் தனித்தனியே உட்கார்ந்து எண்ணின. ஸ்டாரிலும் ஃபீனிக்ஸிலும் குழுவுக்கு நூற்றுக்கணக்கானோர். நம் நாட்டுக்காரர்களும் அவர்களில் உண்டு. கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம், புவனேஸ்வரின் இயற்பியல் நிறுவனம், ஜம்மு, ராஜஸ்தான், பஞ்சாப் பல்கலைக்கழகங்கள் ஸ்டார் பக்கம். பாபா அணு ஆராய்ச்சி மையமும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் ஃபீனிக்ஸ் பக்கம்.

ஜூன் 18. ப்ரூக்ஹேவனில் சிறப்புக் கூட்டம்.

வாருங்கள், நீங்களும் நானும் கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்வோம். விடை எந்தப் பக்கம் என்ற செய்தி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. அதனால் என்ன? தீர்ப்பு தெரிந்த பிறகும் சாட்சிகளைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? நான்கு குழுக்கள். நான்கு வெவ்வேறு கருவிகள். ஒரே கேள்வி. ஒரு கருவி தவறு செய்யலாம். ஒரு குழு ஆசைப்பட்டதைப் பார்த்துவிடலாம். நான்கும் சேர்ந்து ஒரே தவறைச் செய்யுமா?

நம் வசதிக்கு ஃபீனிக்ஸிலிருந்து தொடங்குவோம். தங்க மோதலில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய அதிவேகத் துகள்கள் டியூட்டரான் மோதலில் எவ்வளவு? புள்ளிகள் ஒன்றைத் தொட்டு நிற்கின்றன. மின்னேற்றத் துகள்களில் ஒன்றுக்குச் சற்று மேலே.

குறையவில்லை.

ஃபோபோஸ். அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் கூர்மை. ஓரத்தில் உரசிப் போகும் மோதல், நடுவில் ஆழமாகப் பாயும் மோதல் என்று தரம் பிரித்தார்கள். தங்கமே விழுங்குகிறது என்றால், ஆழமாகப் பாயப் பாயக் குறைய வேண்டும். தங்க-தங்க மோதலில் அப்படித்தான் குறைந்தது. டியூட்டரானில்? ஆழமாகப் பாய்ந்த மோதல்களிலும் குறைவே இல்லை.

பிராம்ஸ். கருவி சிறிது, குழுவும் சிறிது. பக்கவாட்டில் பார்த்தால் அங்கேயும் தங்க மோதலில் பஞ்சம், டியூட்டரான் மோதலில் பஞ்சமே இல்லை. (பிராம்ஸை மறந்துவிடாதீர்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அவர்களிடம் திரும்ப வருவோம்.)

கடைசியாக ஸ்டார்.

இந்த ஒரு கிராஃபை நான் பல தடவை பார்த்துவிட்டேன். இன்னும் அலுக்கவில்லை. ஒரே கட்டத்துக்குள் மூன்று மோதல்கள். கறுப்புக் கோடு, புரோட்டான் மோதல். சிவப்பு வட்டங்கள், டியூட்டரான்-தங்கம். நீல நட்சத்திரங்கள், தங்கம்-தங்கம்.

இடது பக்கம், பூஜ்ஜியம் டிகிரி. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே குன்றாக நிற்கின்றன. மூத்தவன் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வந்திருக்கிறான்.

கண்ணை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோங்கள். மூன்றும் பள்ளத்தில் இறங்குகின்றன. 90 டிகிரி. 120. கறுப்புக் கோடு மறுபடி ஏறத் தொடங்குகிறது. அது ஏறியே ஆக வேண்டும்.

சிவப்பு வட்டங்கள்?

ஏறுகின்றன!

கறுப்புக் கோட்டின் தோளோடு தோள் சேர்ந்து, 180 டிகிரியில், முழுக் குன்றாக.

கீழே, வெகு கீழே, நீல நட்சத்திரங்கள் மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கின்றன.

டியூட்டரான் மோதலில் இரட்டை பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டான். அங்கே இருந்ததும் அதே தங்கம்தான். அதே வேகம், அதே பீப்பாய், அதே வாயு, எண்ணிய ஆட்களும் அவர்களே. குழம்பு ஒன்றுதான் இல்லை.

தங்கம் நிரபராதி.

பிறக்காத பிள்ளை என்ற வாதம் அந்தச் சிவப்பு வட்டங்களின்முன் நிற்க முடியவில்லை. பிள்ளை பிறந்தான். தங்கமும் தங்கமும் மோதிய பிறகு எழுந்த ஏதோ ஒன்றுக்குள் புகுந்தான். அது அவனை விழுங்கிவிட்டது. ஒரு குவார்க்கின் ஓட்டத்தையே நிறுத்தக்கூடிய அடர்த்தி! சாதாரண அணுக்கருவில் அப்படியொரு அடர்த்தி கிடையாது. இருபது வருஷத்துக்கு முன் அச்சேறாத ஒரு கட்டுரையில் பியோர்கன் எழுதியதை நான்கு கருவிகள் ஒரே குரலில் உறுதி செய்தன.

ஆனாலும் ப்ரூக்ஹேவன் அன்று 'குழம்பைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று முரசு கொட்டவில்லை. விழுங்கும் ஒன்று இருக்கிறது என்றார்கள். அது நாம் தேடும் குழம்புதான் என்று சொல்ல இன்னும் சோதனைகள் பாக்கி என்றார்கள். கையில் இவ்வளவு பெரிய சான்றை வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லை அடக்கிக்கொள்வது லேசான காரியமா? இசபெல்லின் வெறுமையான சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது.

நான்கு கட்டுரைகளும் 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் அடுத்தடுத்து ஒரே வாரத்தில் வந்தன. இதழின் தேதி ஆகஸ்ட் 15. அதற்கு முந்தைய நாள் மாலைதான் மின்தொகுப்பு சரிந்து, நியூயார்க் உட்பட அமெரிக்காவின் வடகிழக்கில் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. லாங் ஐலண்டும் மூழ்கியது.

எல்லாம் முடிந்தது. சுவர்க் கட்சி மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படித்தான் பலரும் நினைத்தார்கள்.

இப்போது பிராம்ஸுக்கு வாருங்கள்.

மற்ற மூன்று டிடெக்டர்களும் மோதல் புள்ளியைச் சுற்றி அசையாமல் உட்கார்ந்திருந்தவை. பிராம்ஸ் அப்படியில்லை. அதற்கு நீளமான ஒரு கை இருந்தது. காந்தங்களும் உணர்கருவிகளும் வரிசையாகப் பூட்டிய கை. தேவைக்கேற்ப அதை நகர்த்தலாம். கற்றைக்கு 30 டிகிரி தள்ளியும் வைக்கலாம், 2.3 டிகிரி வரை நெருக்கியும் கொண்டுபோகலாம். மற்றவர்களால் எட்டிப் பார்க்க முடியாத மூலை அது.

அந்த மூலைக்கு என்ன சிறப்பு? டியூட்டரான் பாய்ந்து போகும் திசையில், கற்றையை ஒட்டித் தெறிக்கும் துகள்களைப் பார்த்தால், தங்கத்தின் மிக மெல்லிய, மிக நெருக்கமான குளூவான்களைப் பார்ப்பதற்குச் சமம். ஜூன் மாதத் தீர்ப்பு பக்கவாட்டில் தெறித்த துகள்களை வைத்துச் சொன்ன தீர்ப்பு. தங்கத்துக்குள் சுவர் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால், அது பதுங்கியிருக்கக்கூடிய இடம் இந்த மூலைதான்.

குளிர்காலத்து டியூட்டரான் ஓட்டத்தின்போது பிராம்ஸ் அந்தக் கையை நகர்த்தியிருந்தது.  முதலில் முன்னோக்கி. பிறகு இன்னும் முன்னோக்கி, கற்றைக்குச் சில டிகிரிகளே தள்ளி. ஜூன் 18 அன்று அந்த அரங்கில் தங்கத்தை விடுதலை செய்துகொண்டிருந்த நேரத்தில், இந்தத் தரவு பதிவாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

மாதங்கள் ஓடின. புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள்.

பக்கவாட்டில், ஒன்றுக்கு மேல். எதிர்பார்த்ததுதான்.

கொஞ்சம் முன்னே நகர்ந்தால் புள்ளிகள் இறங்குகின்றன.

இன்னும் முன்னே.

குழம்பே இல்லாத அந்த மோதலில், புள்ளிகள் ஒன்றுக்குக் கீழே நின்றன.

(தொடரும்)